கேரவன் வேனில் கரண்ட் தானாகவே மாற

போன மே மாதம் சத்துவாச்சாரியில் அத்தை வீட்டு வாசலில் எங்கள் கேரவன் வேனை நிறுத்தி, வீட்டு பிளக்கிலிருந்து கரண்ட் எடுத்திருந்தோம். நடு இரவில் கரண்ட் போனது. வேலூர் வெயிலில் பகலெல்லாம் காய்ந்த தகரம். டார்ச்சைத் தேடி இன்வெர்ட்டருக்கு வயரை மாற்றுவதற்குள் குழந்தை வியர்த்து அழுதுவிட்டாள். மறுவாரமே கரண்டைத் தானாக மாற்றிவிடும் ஆட்டோமேட்டிக் சேஞ்ச்ஓவர் கருவியைப் போட்டுவிட்டேன்.

வெளிக்கரண்ட் நின்றதும் அதன் உள்ளே இருக்கும் ரிலே என்ற சுவிட்ச் 'டக்'கென்று இன்வெர்ட்டர் பக்கம் மாறும், வந்ததும் திரும்பிவிடும். பேஸ், நியூட்ரல் என்ற இரண்டு வயரையும் மாற்றும் டபுள் போல் வகையாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டு கரண்டும் ஒருபோதும் ஒரே லைனில் சந்திக்கக் கூடாது, உயிருக்கே ஆபத்து. வயரிங்கை எலக்ட்ரீஷியனிடமே விடுங்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் பேட்டரி சார்ஜர். அதைச் சேஞ்ச்ஓவருக்கு முன்னால், வெளிக்கரண்ட் பக்கமே கொடுக்க வேண்டும். பின்னால் கொடுத்தால், கரண்ட் போனதும் பேட்டரி இன்வெர்ட்டரை ஓட்டும், இன்வெர்ட்டர் சார்ஜரை ஓட்டும், சார்ஜர் அதே பேட்டரிக்கு ஏற்றும். வழியெல்லாம் இழப்புதான், விடிவதற்குள் பேட்டரி காலி. ஏசியையும் வெளிக்கரண்ட் பக்கமே விட்டுவிடுங்கள்.

12 வோல்ட், 150 ஆம்பியர் ஹவர் லெட் ஆசிட் பேட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்தினாலும் சுமார் 900 வாட் ஹவர். ஒரு ஃபேன், இரண்டு எல்இடி விளக்கு என 100 வாட்டுக்குள் இருந்தால், இன்வெர்ட்டரில் ஆகும் இழப்பு போக 7 மணி நேரம் ஓடும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் வீட்டு சுவிட்சை அணைத்து, ஃபேன் சுற்றுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.