இலக்கவியல் உரிமை பற்றித் தமிழில் ஓர் இலவசப் பொதுக்கூட்டம்: பினாங்கில் முதன்முறை நடத்துவோருக்கான செய்முறை

முகநூலில் பகிர்ந்த ஒரு கருத்துக்காகக் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால் என்ன செய்வது, நம் கைப்பேசி எண்ணைக் கசியவிட்ட நிறுவனத்தைப் பற்றி யாரிடம் புகார் கொடுப்பது, நாம் வாக்களிக்கும் தொகுதியின் எல்லை எப்படி வகுக்கப்படுகிறது என்பன போன்ற இலக்கவியல் (டிஜிட்டல்) உரிமை, ஜனநாயகச் சீர்திருத்தக் கேள்விகளைப் பொதுமேடையில் பேசுவது பினாங்குக்குப் புதிதன்று. 1977-இல் இங்கே தோன்றிய அலிரான் இயக்கம் ஜனநாயகச் சீர்திருத்தம் குறித்து நெடுங்காலமாகப் பேசியும் எழுதியும் வருகிறது. ஆனால் தமிழில் இத்தகைய கூட்டங்கள் போதுமான அளவு நடப்பதில்லை என்பது என் ஆதங்கம். ஒரு குடியிருப்பாளர் சங்கமோ இளைஞர் மன்றமோ மனம் வைத்தால் இக்குறையைப் போக்கிவிடலாம்.

முதல் படி: ஒரே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாவற்றையும் ஒரே மாலையில் பேச முயன்றால் எதுவும் மனத்தில் நிற்காது. ஒரு சட்டத்தை, அல்லது ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1998-ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவு நல்ல தொடக்கம்; பிறரைத் துன்புறுத்தும் நோக்கில் ஆபாசமான, பொய்யான, மிரட்டலான செய்திகளை இணையத்தில் அனுப்புவதைக் குற்றமாக்குவது அது. 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் அப்பிரிவின் உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 5 லட்சம் ரிங்கிட்டாகவும், சிறைத்தண்டனை ஓராண்டிலிருந்து இரண்டு ஆண்டுகளாகவும் உயர்ந்துள்ளதைப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் நாள்தோறும் செய்தி பகிர்வோர் அறிந்திருக்க வேண்டும். தொகுதிகளின் அளவும் ஏற்ற தலைப்பே: 2022 பொதுத்தேர்தலில் சிலாங்கூரின் பாங்கி தொகுதியில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் இருந்தார்கள், சரவாக்கின் இகான் தொகுதியில் 30,000 பேர்கூட இல்லை. இரண்டுக்கும் மக்களவையில் ஒவ்வோர் இடம்தான்.

பினாங்குக்காரர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது ஊராட்சித் தேர்தலைத்தான், அதாவது நகராட்சி, மாநகர் மன்ற உறுப்பினர்களை மக்களே தேர்ந்தெடுக்கும் தேர்தலை. மலாயாவின் முதல் நகராட்சித் தேர்தல் 1951 டிசம்பரில் பினாங்கின் தலைநகரான ஜோர்ஜ்டவுனில் நடந்தது. 1957-இல் அது மாநகரமானபோது முதல் மேயராகப் பொறுப்பேற்றவர் டி.எஸ். இராமநாதன் என்ற தமிழர். அவர் பெயரில் இன்றும் இங்கே ஒரு சாலை இருக்கிறது. 1965-இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அவற்றை மீண்டும் நடத்தப் பினாங்கு சட்டமன்றம் இயற்றிய சட்டமும் 2014-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை. தெருக்களில் பொருத்தப்படும் கேமராக்களைப் பற்றியும் வாகன நிறுத்தக் கட்டணத்துக்கான செயலியைப் பற்றியும் முடிவெடுக்கும் மாநகர் மன்றத்தின் உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை என்பதைக் கேட்டால், இலக்கவியல் உரிமைக்கும் ஜனநாயகச் சீர்திருத்தத்துக்கும் என்ன தொடர்பு என்று கூட்டத்தில் எவரும் கேட்க மாட்டார்கள்.

இரண்டாம் படி: பேச்சாளர்

இருவர் போதும். ஒருவர் அந்தச் சட்டத்தைத் தொழிலில் கையாளும் வழக்கறிஞராக இருக்கட்டும்; மற்றவர் அதை எளிய சொற்களில் விளக்கக்கூடிய ஆசிரியராகவோ பத்திரிகையாளராகவோ இருக்கலாம். பதவியில் உள்ள அரசியல்வாதியை மேடையேற்றினால் கூட்டம் கட்சிக் கூட்டமாகிவிடும் என்பதால், அவரைக் கேட்போர் வரிசையில் அமரச் சொல்லுங்கள். பேச்சாளர் குறிப்பிடும் சட்டத்தின் பெயர், ஆண்டு, பிரிவு எண் ஆகியவற்றை ஒரே தாளில் அச்சிட்டு எல்லாருக்கும் கொடுங்கள்.

மூன்றாம் படி: இடமும் நாளும்

சங்கக் கட்டடமோ கோயில் மண்டபமோ பொருத்தமானது. தலைப்பு இன்னதென்று எழுத்து மூலம் தெரிவித்து அனுமதி பெறுங்கள். 2012-ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டத்தின்படி காவல்துறைக்கு 5 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டிய நிலை உங்கள் கூட்டத்துக்கு உண்டா என்பதை உங்கள் வழக்கறிஞரிடமே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் நெருங்கிய வாரங்களைத் தவிருங்கள். தீவில் ஒரு கூட்டம் நடத்தினால் அடுத்ததைப் பெருநிலப் பகுதியில், பட்டர்வொர்த்திலோ பிறையிலோ வைப்பதே நியாயம்.

நான்காம் படி: வருகைப் பதிவு

இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். தனியுரிமை பற்றிப் பேச அழைத்துவிட்டு, நுழைவாயிலில் அடையாள அட்டை எண்ணைக் கேட்பது முறையன்று. வழக்கமான வருகைத் தாளை உற்றுப் பாருங்கள்: பெயர், அடையாள அட்டை எண், கைப்பேசி எண், முகவரி என நான்கு பத்திகள், இருபதாவதாகக் கையெழுத்திடுபவர் தமக்கு முன் வந்த பத்தொன்பது பேரின் விவரங்களையும் படித்துவிடலாம், ஒரே சொடுக்கில் படமும் எடுத்துவிடலாம். இணைய மோசடிக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆகவே தலையை மட்டும் எண்ணுங்கள். அடுத்த கூட்டத்தின் அறிவிப்பை விரும்புவோர் தனித்தனிச் சீட்டில் பெயரையும் எண்ணையும் எழுதிப் பெட்டியில் போடட்டும்.

ஐந்தாம் படி: கூட்ட நாள்

இரண்டு மணி நேரக் கூட்டமெனில் உரைக்கு ஐம்பது நிமிடம் கொடுத்து, மீதியைக் கேள்விகளுக்கும் செய்முறைக்கும் ஒதுக்குங்கள். ஒலிவாங்கியைப் பிடித்துப் பேசத் தயங்கும் அம்மாமார்கள் கேள்வியைத் துண்டுச் சீட்டில் எழுதித் தரலாம். நெறியாளர் பெயர் சொல்லாமல் வாசிக்க வேண்டும். வழக்கில் சிக்கியிருப்பவர் தம் கதையை விவரிக்கத் தொடங்கினால் கனிவோடு நிறுத்தி, கூட்டம் முடிந்தபின் வழக்கறிஞரிடம் தனியே பேச வையுங்கள். பலர் முன் சொன்னது அவருக்கே பாதகமாகலாம்.

செய்முறைக்குத் வாக்காளர் விவரத்தைச் சரிபார்க்கும் தேர்தல் ஆணையத்தின் மைஎஸ்பிஆர் செமாக் இணையத் தளம் மிகப் பயனுள்ளது. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயது நிறைந்த குடிமக்கள் தாமாகவே வாக்காளராகப் பதிவு பெறுகிறார்கள். ஆனால் அடையாள அட்டையில் பழைய முகவரி இருந்தால் வாக்கும் பழைய ஊரிலேயே இருக்கும். அவரவர் கைப்பேசியில் அவரவர் அடையாள அட்டை எண்ணை உள்ளிட்டுத் தொகுதியைச் சரிபார்க்கட்டும். யாருடைய எண்ணையும் பெரிய திரையில் காட்டிவிடாதீர்கள்.

மேடையை மட்டும் படம்பிடியுங்கள். கேட்போர் முகம் தெரிய வேண்டுமானால் முதலில் அனுமதி கேளுங்கள். விரும்பாதவர்கள் அமரப் பின்வரிசையை ஒதுக்குங்கள்.

ஆறாம் படி: கூட்டத்துக்குப் பின்

விடை கிடைக்காத கேள்விகளைத் தொகுத்துப் பேச்சாளருக்கு அனுப்பி, பதிலை ஒரு வாரத்துக்குள் புலனத்தில் பகிருங்கள். மாநகர் மன்றத்திடம் கேட்க வேண்டியவை இருந்தால், 2010-ஆம் ஆண்டு பினாங்கு தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் இருவர் சேர்ந்து விண்ணப்பத்தை நிரப்பத் தொடங்கலாம். பெட்டியில் சேர்ந்த சீட்டுகளிலுள்ள எண்களை அறிவிப்புப் பட்டியலில் சேர்த்ததும், சீட்டுகளைக் கிழித்து அப்புறப்படுத்துங்கள்.