கிம்ப் மெனுவைக் கழற்றித் திரையில் வைப்பது எப்படி?

ஸ்கேன் செய்த பழைய போட்டோவின் மஞ்சளை எடுக்க, கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் கலர்ஸ், அதற்குள் ஆட்டோ, அதற்குள் ஒயிட் பேலன்ஸ் என்று போக வேண்டும். ஒன்றிரண்டு படம் என்றால் சரி. ஒரு ஆல்பமே, 40 படம் இருந்தால் 120 முறை மவுஸை இழுத்துக்கொண்டு திரிய வேண்டியதுதான். அந்த ஆட்டோ மெனுவை மட்டும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டால் படத்துக்கு ஒரு கிளிக். இங்கே சொல்வது 2.10 பதிப்புக்கு.

முதலில் விண்டோஸ் மெனுவில் சிங்கிள்-விண்டோ மோட் டிக்கை எடுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் கழற்றினால், படத்தின் மேல் கிளிக் செய்தவுடன் கழற்றிய மெனு பெரிய ஜன்னலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். "வேலை செய்யவில்லை" என்று பலர் விட்டுவிடுவது இதனால்தான்.

அடுத்து, ஒரு படத்தைத் திறந்து அதன் மேலேயே ரைட் கிளிக் செய்யுங்கள். வரும் மெனுவில் கலர்ஸ், பிறகு ஆட்டோ. அதன் உச்சியில் ஒரு புள்ளிக்கோடு தெரியும். அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடாதீர்கள். அதைக் கிளிக் செய்தால் மெனு தனி ஜன்னலாகப் பிரிந்து வரும். தலைப்புப் பட்டையைப் பிடித்து ஓரத்துக்கு நகர்த்திக்கொள்ளுங்கள். மூட வேண்டுமானால் அதே கோட்டை மறுபடி கிளிக் செய்தால் போதும்.

எல்லாப் படங்களையும் மூடினாலும் இந்த மெனு போகாது. வரிசையாகப் படம் திறந்து, திருத்தி, மூடும் வேலைக்கு இது தோதாக இருப்பதே அதனால்தான். ஆனால் இரண்டு படங்கள் திறந்திருந்தால் கவனம் தேவை: கட்டளை நடப்பில் உள்ள படத்துக்கே போகும். திருத்த வேண்டிய படத்தை ஒருமுறை தொட்டுவிட்டு மெனுவுக்கு வாருங்கள். தவறிவிட்டால் கன்ட்ரோல்+இசட்.

மெனுவில் ஒயிட் பேலன்ஸ் கட்டளை மட்டும் மங்கிக் கிடந்தால், படம் கிரேஸ்கேலில் (கறுப்பு-வெள்ளையில்) இருக்கிறதா என்று பாருங்கள். இமேஜ், மோட் வழியாக ஆர்ஜிபிக்கு (வண்ண முறைக்கு) மாற்றினால் தெளிந்துவிடும். எல்லாமே மங்கியிருந்தால் படம் எதுவும் திறக்கவில்லை என்று பொருள்.

கண்டதையும் கழற்றாதீர்கள். நான்கைந்து மெனு மிதந்தால் படம் பார்க்க இடமிருக்காது. ஒரே ஃபில்டரைத் திரும்பத் திரும்பப் போடுவதற்கு கன்ட்ரோல்+எஃப் போதும். ஒரே மெனுவில் உள்ள இரண்டு மூன்று கட்டளைகளை மாற்றி மாற்றிப் போடும்போதுதான் கழற்றுவதில் லாபம்.

மாயா என்ற 3டி அனிமேஷன் மென்பொருளிலும் இந்த வசதி உண்டு. பைத்தான் நிரல்மொழியில் ஜன்னல், மெனு உருவாக்க உதவும் டிகின்டரில் கேட்காமலே வரும்: லினக்ஸிலும் விண்டோஸிலும், மெனுவைக் கழற்றலாமா என்று சொல்லும் டேர்ஆஃப் மதிப்பு இயல்பாகவே 1. அப்போது 0-வில் தொடங்கும் வரிக் கணக்கில் புள்ளிக்கோடும் ஒரு வரியாகச் சேரும். முதல் கட்டளையை முடக்க நினைத்து 0 என்று எண் கொடுத்தால் கோடுதான் சிக்கும். கட்டளையின் எண் 1. கோடே வேண்டாமென்றால் மெனுவை உருவாக்கும்போதே டேர்ஆஃப் மதிப்பை 0 ஆக்கிவிடுங்கள்.