போதை மீட்பு ஆலோசகர் உரிமம்: அமெரிக்காவில் எங்கே சறுக்குகிறோம்

இரண்டு வருடம் முன்பு டாலஸ் பக்கத்திலிருந்து ஒரு தங்கை போன் செய்தார். ஊரில் சமூகப் பணியில் முதுகலை முடித்தவர். திருமணமாகி இங்கே வந்து, வேலை செய்யும் அனுமதியும் கைக்கு வந்த நேரம். "அண்ணா, ஆன்லைன்ல நாற்பது மணி நேர கோர்ஸ் முடிச்சு சர்டிபிகேட் வாங்கிட்டேன். இனி கிளையன்ட் பார்க்கலாம்தானே?" என்றார். அவ்வளவு சந்தோஷமாகக் கேட்டவரிடம் இல்லை என்று சொல்லவே மனசு வரவில்லை. ஆனால் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு டெக்சாஸில் போதை மீட்பு ஆலோசகர் நாற்காலியில் உட்கார முடியாது.

அவரை ஏமாற்றியது அந்தச் சான்றிதழில் இருந்த 'தேசிய' என்ற சொல். அமெரிக்கா முழுவதற்கும் செல்லுபடியாகும் ஆலோசகர் உரிமம் என்று ஒன்று கிடையாது. ஐம்பது மாநிலங்களும் தனித்தனியாக விதி வைத்திருக்கின்றன. அந்த உரிமத்தின் பெயர்கூட ஊருக்கு ஊர் மாறும். டெக்சாஸில் அது எல்சிடிசி. கொடுப்பது மாநிலத்தின் சுகாதார மனித சேவை ஆணையம். நியூயார்க்கில் கேசாக், கொடுப்பது ஓயாசஸ் என்கிற மாநில அலுவலகம். டெக்சாஸ் சட்டம் இந்த வேலையை 'கெமிக்கல் டிபென்டென்சி', அதாவது போதைப் பொருளுக்கு அடிமையாதல், என்ற பெயரில்தான் பேசுகிறது. வேறு சொல்லைப் போட்டுத் தேடினால் சரியான விதி கண்ணில் படாமலே போகலாம். அதனால் நீங்கள் இருக்கும் மாநிலம் எந்தப் பெயரை வைத்திருக்கிறது, எந்த அலுவலகம் அதைக் கொடுக்கிறது என்பதை முதலில் பாருங்கள். கோர்ஸுக்குப் பணம் கட்டுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

நியூஜெர்சியில் இருப்பவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்வது இரண்டு பெயர்களை: சிஏடிசி, எல்சிஏடிசி. ஒரு எழுத்துதான் வித்தியாசம் என்று தோன்றும். முதலாவது சான்றிதழ், அதை வைத்திருப்பவர் மேற்பார்வையில்தான் வேலை செய்ய வேண்டும். இரண்டாவது உரிமம், அதற்கு முதுகலைப் பட்டம் வேண்டும், அதை வைத்துத் தனியாகவே ஆலோசனை நடத்தலாம். சிஏடிசி வாங்கிவிட்டு, சொந்தமாக அறை எடுத்து போர்டு மாட்டப் போனவரை எனக்குத் தெரியும். மாட்டுவதற்கு முன் ஒருவர் கேட்டுத் தடுத்தார், நல்ல வேளை.

கலிபோர்னியா இன்னொரு மாதிரி. அங்கே இந்த வேலைக்கென்று மாநில அரசு நேரடியாக உரிமம் கொடுப்பதில்லை. மாநிலத்தின் சுகாதாரத் துறை அங்கீகரித்த தனியார் அமைப்புகள் சான்றிதழ் கொடுக்கின்றன. முதலில் அவற்றில் ஒன்றில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் முழுச் சான்றிதழ் பெற வேண்டும். பதிவை வாங்கிவிட்டு 'வேலைதான் கிடைத்துவிட்டதே' என்று நான்கு வருடம் சும்மா இருந்துவிட்டு, கடைசி வருடத்தில் தேர்வுக்கும் மணி நேரத்துக்கும் அலைபவர்கள் அங்கே நிறைய. பதிவு என்பது கடிகாரத்தை ஓட விடுவது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி மணி நேரக் கணக்கு. நான் பார்த்தவரை அதிகக் கண்ணீர் இங்கேதான்.

டெக்சாஸ் பொதுவாகக் கேட்பது இது: குறைந்தது இரண்டாண்டு கல்லூரிப் பட்டம், 270 மணி நேர வகுப்பு, 300 மணி நேர களப்பயிற்சி, அதற்கு மேல் 4000 மணி நேரம் மேற்பார்வையில் வேலை. முழுநேரமாக உழைத்தாலும் 4000 என்பது ஏறக்குறைய இரண்டு வருடம். நியூயார்க் வகுப்புக்கே 350 மணி நேரம் கேட்கிறது. அந்தத் தங்கை முடித்திருந்த 40 மணி நேரத்தை இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதுவும் ஏற்கெனவே உரிமம் உள்ளவர்கள் புதுப்பிப்பதற்காகப் படிக்கும் தொடர்கல்வி வகுப்பு. அந்த வகையைப் புதிதாக நுழைபவர் எத்தனை முடித்தாலும் கணக்கில் சேரும் என்று உறுதி இல்லை. வகுப்பு நடத்துபவரை உங்கள் மாநிலம் ஏற்கிறதா என்று எழுத்தில் கேட்டு, வந்த பதில் மின்னஞ்சலைப் பத்திரமாக வையுங்கள். "ஏற்பாங்கன்னு சொன்னாங்க" என்பது உரிமம் கொடுக்கும் வாரியத்தின் முன் நிற்காது.

வேலை நேரத்தில் இன்னொரு சிக்கல். கிளினிக்கில் இருந்த நேரம் எல்லாம் ஆலோசனை நேரம் ஆகாது. இந்தத் தொழிலில் பன்னிரண்டு அடிப்படைப் பணிகள் என்று ஒரு பட்டியல் உண்டு: ஆரம்பச் சோதனை, சேர்க்கை, அறிமுகம், மதிப்பீடு, சிகிச்சைத் திட்டம், ஆலோசனை, கேஸ் மேனேஜ்மென்ட், நெருக்கடி நேரத் தலையீடு, கிளையன்ட்டுக்குக் கற்பித்தல், வேறு இடத்துக்குப் பரிந்துரைத்தல், பதிவேடு எழுதுதல், மற்ற நிபுணர்களோடு கலந்து பேசுதல். முன் மேசையில் போன் எடுத்ததும் கிளையன்ட்டை வண்டியில் கொண்டுபோய் விட்டதும் நல்ல வேலைதான். ஆனால் மணி நேரத் தாளில் அவற்றை ஆலோசனை என்று எழுதினால், ஒருநாள் யாராவது தணிக்கை செய்யும்போது மற்ற மணி நேரங்களின் மீதும் சந்தேகம் விழும்.

அதைவிட முக்கியம், யார் மேற்பார்வையில் அந்த நேரம் கழிந்தது என்பது. டெக்சாஸில் முதலில் கவுன்சிலர் இன்டர்ன், அதாவது பயிற்சி நிலை ஆலோசகர், என்று பதிவு செய்ய வேண்டும். அப்புறம் மாநிலம் பதிவு செய்த பயிற்சி நிறுவனத்திலோ, மேற்பார்வைக்கென்று சான்று பெற்றவரிடமோ வேலை செய்ய வேண்டும். அனுபவசாலி, பாசமானவர், இருபது வருடம் இந்தத் துறையில் இருப்பவர் என்பதெல்லாம் இருந்தும், மேற்பார்வையாளராக அவரை மாநிலம் ஏற்கவில்லை என்றால் உங்கள் மணி நேரம் வீண். சேரும் நாளிலேயே அவருடைய உரிம எண்ணைக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. அந்த எண்ணை மாநிலத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால், உரிமம் உயிரோடு இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

என்னோடு பயிற்சியில் இருந்த ஒரு அக்கா பதினான்கு மாதம் ஒரு சிறிய கிளினிக்கில் வேலை செய்தார். கையெழுத்தை மொத்தமாக வருட முடிவில் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் அங்கே எல்லோரும் பேசிக்கொள்வார்கள். ஒரு வெள்ளிக்கிழமை கிளினிக் மூடப்படுகிறது என்று அறிவித்தார்கள். மேற்பார்வையாளர் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார். போன் எண்ணும் மாறிவிட்டது. சம்பளச் சீட்டுகள் இருந்தன. அவர் அங்கே வேலை பார்த்தார் என்பதற்கு அவை சான்று. மேற்பார்வையில் என்ன செய்தார் என்பதற்கு இல்லை. அதில் பெரும்பகுதியை அவர் திரும்பவும் செய்ய வேண்டி வந்தது. அன்றிலிருந்து நான் மாதக் கடைசி வேலை நாளில் கையெழுத்து வாங்காமல் வீட்டுக்குப் போனதில்லை. ஒரு பிரதி கிளினிக்கில், ஒன்று வீட்டில், ஒரு போட்டோ என் மின்னஞ்சலில்.

வெளிநாட்டுப் பட்டத்தோடு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. மதிப்பீட்டு அறிக்கை வாங்கும்போது 'பட்டம் சமமானது' என்று மட்டும் சொல்லும் ஒரு பக்க அறிக்கையோடு நிறுத்தாதீர்கள். பாடவாரியான அறிக்கை வாங்குங்கள். எந்த நிறுவனத்தின் அறிக்கையை உங்கள் வாரியம் ஏற்கும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். விசா விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். வேலை அனுமதி இல்லாத நிலையில் "சம்பளம் வேண்டாம், மணி நேரம் மட்டும் போதும்" என்று கிளினிக்கில் சேருவது ஆபத்து. பொதுவாகச் சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் வேலையைச் சும்மா செய்தாலும் அது வேலையாகவே கருதப்படலாம். குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் ஒரு நாள்கூடப் போகாதீர்கள்.

பழைய வழக்கு, கைது, தண்டனை ஏதாவது இருந்தால் மறைக்காதீர்கள். தானும் போதையிலிருந்து மீண்டு வந்து, அதனாலேயே இந்த வேலைக்கு வருபவர்கள் இந்தத் துறையில் ஏராளம். வாரியங்களுக்கும் அது தெரியும். சொன்ன வழக்கை அவர்கள் எடைபோட்டுப் பார்ப்பார்கள். விண்ணப்பத்தில் மறைத்தது கைரேகைச் சோதனையில் வெளியே வந்தால், அந்தப் பொய்யே தனிக் குற்றமாகிவிடும். படிப்புக்குப் பணம் கட்டும் முன்பே, தன் பழைய வழக்கு உரிமத்துக்குத் தடையாகுமா என்று டெக்சாஸில் எழுதிக் கேட்டு மதிப்பீட்டுக் கடிதம் பெற வழி இருக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டு அதைத் தவறவிட்டவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

உரிமமோ இன்டர்ன் பதிவோ கிடைத்த பிறகு வரும் தவறுகளில் பெரியது ரகசியம் காப்பதில் நடப்பது. பொதுவான மருத்துவ ரகசியச் சட்டமான ஹிப்பாவைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். போதை சிகிச்சைக்கு அதைவிடப் பழையதும் கடுமையானதுமான ஒரு கூட்டாட்சி விதி இருக்கிறது. 42 சிஎஃப்ஆர் பகுதி 2 என்பார்கள். 1970களின் தொடக்கத்தில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்களிலிருந்து வந்தது. சிகிச்சைக்குப் போனால் வேலை போகும், வழக்கு வரும் என்ற பயத்தில் மக்கள் வராமல் இருந்துவிடக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். 2024இல் அதைத் திருத்தி ஹிப்பாவோடு சில இடங்களில் பொருந்தச் செய்தார்கள். 2026 பிப்ரவரி 16க்குள் எல்லா மையங்களும் அதன்படி மாற வேண்டும் என்று கெடு வைத்தார்கள். கிளையன்ட்டின் பதிவை அவருக்கு எதிரான வழக்கில் பயன்படுத்தத் தடை என்ற அடித்தளம் அப்படியே இருக்கிறது.

நடைமுறையில் அது எப்படி வரும் என்றால், மாலை ஐந்தரைக்கு ஒரு போன் வரும். "நான் அவனோட அண்ணன். அவன் இன்னைக்கு அங்க வந்தானா? அது மட்டும் சொல்லுங்க, போதும்." குரல் நடுங்கும். பாவமாக இருக்கும். கையெழுத்திட்ட ஒப்புதல் கோப்பில் இல்லாமல் "வந்தார்" என்றும் சொல்லக் கூடாது, "வரலையே" என்றும் சொல்லக் கூடாது. "அப்படி ஒருவர் இங்கே வருகிறாரா என்பதையே நான் சொல்ல முடியாது, நீங்கள் சொல்ல நினைப்பதைச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்" என்பதுதான் பதில். முதல் தடவை இதைச் சொல்லும்போது எனக்கு நாக்கு எழவில்லை.

நம் சமூகத்தில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. நீங்கள் இந்த வேலையில் இருக்கிறீர்கள் என்று தெரிந்ததும் தமிழ்ச் சங்க விழாவில் ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, "எங்க வீட்டுக்காரர் குடிக்கிறார், நீங்க வந்து ஒரு வார்த்தை பேசுங்களேன்" என்பார். இன்டர்னாக இருக்கும்போது மேற்பார்வைக்கு வெளியே பேசப் போவது விதிமீறல். உரிமம் இருந்தாலும், பொங்கல் விழாவில் பக்கத்து இலையில் சாப்பிடுபவருக்கு ஆலோசகராகவும் இருப்பது இரட்டை உறவு. நாளை அவர் விழாவுக்கு வருவதையே நிறுத்திவிடலாம். நான் செய்வது இதுதான்: நின்று முழுதாகக் கேட்பேன். என்னால் ஏன் முடியாது என்பதைச் சொல்வேன். தமிழ் பேசும் வேறு ஆலோசகர் தெரிந்தால் பெயர் தருவேன். 1-800-662-4357 என்ற, சாம்சா எனும் கூட்டாட்சி அரசு அமைப்பின் உதவி எண்ணை அவர் போனிலேயே பதிந்து கொடுப்பேன். 24 மணி நேரமும் இலவசம்.

மாநிலம் மாறுபவர்கள் நம்பி ஏமாறுவது 'பரஸ்பர அங்கீகாரம்', அதாவது ஒரு மாநிலத்தின் சான்றிதழை இன்னொரு மாநிலம் ஏற்பது, என்ற சொல்லை. ஐசி அண்ட் ஆர்சி என்ற கூட்டமைப்பு 1981இல் தொடங்கியது; பல மாநிலங்கள் அதன் தேர்வையே பயன்படுத்துகின்றன. 150 கேள்வி, 3 மணி நேரம். தேர்வு ஒன்று என்பதால் உரிமமும் தானாகக் கூடவே வந்துவிடாது. டெக்சாஸில் உரிமம் தருவது மாநில அரசு, இந்தக் கூட்டமைப்பின் சான்றிதழ் தருவது வேறு வாரியம். ஒன்று இருந்தால் மற்றது இருப்பதாக அர்த்தமில்லை. பழைய சான்றிதழ் காலாவதியாவதற்கு முன்பே மாற்ற விண்ணப்பம் போடுங்கள். வீட்டுச் சாமானைக் கட்டுவதற்கு முன் போட்டால் இன்னும் நல்லது.

வீடியோ வழியாகக் கிளையன்ட் பார்க்கும் ஆலோசகர்களுக்கும் இதே கதைதான்: நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதோடு கிளையன்ட் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். கவுன்சிலிங் காம்பாக்ட் என்ற மாநில ஒப்பந்தம் உரிமம் பெற்ற மனநல ஆலோசகர்களுக்கானது. எல்சிடிசி, கேசாக் வைத்திருப்பவர்களை அது உள்ளே சேர்க்காது. லாரி ஓட்டுநர்கள் போன்றோர் போதைச் சோதனையில் தவறினால் மதிப்பிடும் 'சாப்' வேலையும் தனி. அதற்குக் கூட்டாட்சிப் போக்குவரத்துத் துறை விதிப்படி தகுதி, பயிற்சி, தேர்வு எல்லாம் வேண்டும். மாநில உரிமம் மட்டும் போதாது.

அந்தத் தங்கை அன்றைக்குக் கொஞ்சம் அழுதார். அப்புறம் பட்டத்தை மதிப்பிடக் கொடுத்தார், மாலை வகுப்பில் 270 மணி நேரம் முடித்தார், களப்பயிற்சி முடித்து இன்டர்னாகப் பதிவும் செய்துவிட்டார். போன வாரம் முதல் மாத மணி நேரத் தாளைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். மூன்றாவது வாரத்துக்கு நேரே மேற்பார்வையாளர் கையெழுத்து விடுபட்டிருந்தது. திங்கட்கிழமை காலை போனதும் வாங்கிவிடுங்கள் என்று பதில் போட்டேன்.