நம்பரை போர்ட் போடப் போகிறீர்களா? சறுக்குகிற இடங்கள் இவை

மதுரை மாட்டுத்தாவணி பக்கம் கலர் குடையை விரித்து சிம் விற்கிற தம்பிகள் எல்லோரும் ஒரே வசனம்தான் சொல்வார்கள்: "ரெண்டு நிமிஷம்தாண்ணே, போர்ட் போட்டுரலாம்." அது பொய்யில்லை. குடைக்குக் கீழே நடக்கிற வேலை இரண்டு நிமிடம்தான். சிக்கல் எல்லாம் குடைக்கு வருவதற்கு முந்தைய வாரத்திலும், புது சிம்மைப் போட்ட மறுநாளிலும் இருக்கிறது.

போர்ட் என்றால் நம்பரை வைத்துக்கொண்டு கம்பெனியை மட்டும் மாற்றுவது. அந்த வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க இருக்கிறது. அப்படியும் ஒவ்வொரு முறை கட்டணம் ஏறும்போதும் அதே தவறுகள் திரும்ப நடக்கின்றன. 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் விலையை ஏற்றிய சமயம் எங்கள் தெருவில் பாதிப் பேர் போர்ட் பற்றித்தான் பேசினார்கள். பேசியவர்களில் சிலர் ஒரு மாதம் கழித்தும் பழைய சிம்மோடுதான் அலைந்தார்கள்.

முதல் படி மெசேஜ். ஆங்கிலத்தில் போர்ட் என்று டைப் செய்து, ஒரு இடம் விட்டு, உங்கள் பத்து இலக்க நம்பரைப் போட்டு 1900-க்கு அனுப்ப வேண்டும். அந்த நம்பரிலிருந்தேதான் அனுப்ப வேண்டும். எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் எட்டு இடத்தில் ஒரு கோடு (code) திரும்பி வரும், அதைத்தான் கடையில் கொடுக்க வேண்டும். ரீசார்ஜ் பேக்கில் எஸ்எம்எஸ் இல்லையே என்று தயங்க வேண்டாம். எந்த பேக்காக இருந்தாலும் இந்த மெசேஜைப் போக விட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2021 டிசம்பரில் உத்தரவு போட்டுவிட்டது.

கோடு வந்ததும் வேலை பாதி முடிந்தது என்று நினைத்தது என் தவறு. ஒரு போகி அன்று காலையில் மெசேஜ் அனுப்பினேன், கோடும் வந்தது. மறுநாள் பொங்கல், அவனியாபுரத்தில் மாடு. அதற்கடுத்த நாள் பாலமேடு. மூன்றாம் நாள் அலங்காநல்லூர். நான்காம் நாள் சொந்தக்காரர்களை ஆரப்பாளையத்தில் பஸ் ஏற்றி விட்டே பொழுது போயிற்று. ஐந்தாம் நாள் கடைக்குப் போனால், கோடு காலாவதி. தமிழ்நாட்டில் அந்தக் கோடு நான்கு நாள்தான் செல்லும். பழைய விதியில் பதினைந்து நாள் இருந்தது, 2019 டிசம்பரில் குறைத்துவிட்டார்கள். நான் பழைய கணக்கிலேயே இருந்திருக்கிறேன். பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை, திரும்ப மெசேஜ் அனுப்பி வாங்கிக்கொண்டேன். ஆனால் கடைக்குக் கிளம்புகிற அன்று காலையில் கோடு கேட்டால் போதும், முன்கூட்டியே வாங்கி வைக்க அது ரயில் டிக்கெட் இல்லை.

கோடு வராமல் மறுப்பு மெசேஜ் வந்தால் பலர் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். அதைவிட மறுப்பில் போட்டிருக்கும் காரணத்தைப் படியுங்கள். இப்போதைய முறையில் தகுதியைச் சரிபார்த்த பிறகுதான் கோடே தருகிறார்கள். இப்போதுள்ள கம்பெனிக்கு வந்து 90 நாள் ஆகியிருக்க வேண்டும். போஸ்ட்பெய்டு என்றால் பில் பாக்கி இருக்கக் கூடாது. அப்புறம், 2024 ஜூலை 1 முதல் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: சிம் தொலைந்தோ கெட்டுப்போயோ டூப்ளிகேட் சிம் வாங்கியிருந்தால், ஏழு நாள் ஆகும் வரை கோடு கிடையாது. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் போனைப் பறிகொடுத்தவர், "இதுதான் சாக்கு, கம்பெனியையும் மாத்திருவோம்" என்று நினைத்தால் ஒரு வாரம் பொறுக்கத்தான் வேண்டும். அடுத்தவர் நம்பருக்கு டூப்ளிகேட் சிம் எடுத்து, உடனே வேறு கம்பெனிக்குத் தாவி, பேங்க் கணக்கைத் துடைக்கிற கும்பலைத் தடுக்க வந்த விதி அது. எரிச்சல்பட ஒன்றுமில்லை.

இவற்றையெல்லாம் விட எங்கள் பக்கம் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது பெயர் விஷயத்தில். என் அப்பாவின் நம்பர் அப்படித்தான். சிம் வாங்கிய காலத்தில் அப்பாவிடம் ரேஷன் கார்டு ஜெராக்ஸ் கையில் இல்லை, கூட வந்த பெரியப்பாவிடம் இருந்தது. அவ்வளவுதான். அன்றிலிருந்து அப்பா பேசிய நம்பர் கம்பெனிக் கணக்கில் பெரியப்பா பெயரில். ரீசார்ஜ் பண்ணும்போது யாரும் பெயர் கேட்பதில்லையே, அதனால் தெரியவே இல்லை. போர்ட் போடப் போனபோதுதான் தெரிந்தது. அப்பாவின் ஆதாரைக் கொடுத்து அவர் பெயரிலேயே புது சிம் வாங்கி நம்பரைக் கொண்டுவந்துவிடலாம் என்று நினைப்பது தப்பு. போர்ட் என்பது கம்பெனியை மாற்றுவது, ஆளை மாற்றுவது இல்லை. பெயரை முதலில் பழைய கம்பெனியில் மாற்ற வேண்டும். அந்த மாற்றம் பாதியில் நிற்கும்வரை போர்ட்டும் போட முடியாது. பெரியப்பா உசிலம்பட்டியிலிருந்து வந்து கைரேகை வைத்தார். வந்தவர் சும்மா போகவில்லை, "என் பேர்ல பேசிட்டு எனக்கு ஒரு போன் போட்டதுண்டாடா?" என்று அப்பாவை ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் போனார்.

பெயருக்கு உரியவர் காலமாகிவிட்டால் அலைச்சல் இன்னும் கூடும். அதனால் போர்ட் போடுகிற எண்ணமே இல்லாவிட்டாலும், கம்பெனியின் ஆப்பில் நுழைந்து நம்பர் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்துவிடுவது நல்லது.

கைரேகை என்றதும் ஞாபகம் வருகிறது. குடைக் கடையில் "சரியா விழலைண்ணே, இன்னொரு தடவை வைங்க" என்றால், முதல் தடவை விழவில்லை என்பதைத் திரையில் பார்த்துவிட்டு வையுங்கள். இரண்டாவது ரேகையில் உங்கள் பெயரில் இன்னொரு சிம் கிளம்பிய கதைகள் உண்டு. சஞ்சார் சாத்தி என்ற அரசுத் தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை நம்பர் ஓடுகிறது என்று பார்க்கலாம், உங்களுடையது அல்லாததைப் புகாராகவும் கொடுக்கலாம். போர்ட் போட்ட ஒரு வாரத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். அந்த எட்டு எழுத்துக் கோடும் கடைக்காரருக்கு மட்டும்தான். போனில் யாராவது கேட்டால் வைத்துவிடுங்கள்.

டவர் விஷயத்தில் சொல்ல அதிகம் இல்லை. டவுன் ஹால் ரோட்டில் நின்று பார்த்தால் எந்தக் கம்பெனியும் நன்றாகத்தான் எடுக்கும். உங்கள் வீட்டுச் சமையலறையிலும், தோட்டத்து மோட்டார் ரூமிலும் எடுக்கிறதா என்பதுதான் கேள்வி. அந்தக் கம்பெனி சிம் வைத்திருக்கிற ஒருவரை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு காபி கொடுத்தால் தெரிந்துவிடும். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று சோதித்துப் பார்க்காதீர்கள், அன்றைக்கு வைகைக் கரையில் எல்லாமே திணறும். வீட்டுப் பெரியவர்கள் பழைய பட்டன் போன் வைத்திருந்தால் ஜியோவுக்குப் போகும் முன் யோசியுங்கள்: அங்கே 2ஜி கிடையாது, 4ஜி இல்லாத போனில் அந்த சிம் எடுக்காது.

பணம் இரண்டு வழியில் வீணாகும். ப்ரீபெய்டில் மிச்சமிருக்கிற பேலன்ஸும் நாட்களும் புதுக் கம்பெனிக்கு வராது. 84 நாள் பேக் போட்ட மறுவாரம் போர்ட் போட்டால் அது போனதுதான். அதற்காக வேலிடிட்டி முழுக்கத் தீரட்டும் என்று காத்திருப்பதும் சரியில்லை, நான்கைந்து நாள் மிச்சம் இருக்கும்போது தொடங்கலாம். போஸ்ட்பெய்டு ஆட்கள் கடைசி பில் வரும், கட்ட வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். கட்டாமல் விட்டால் பழைய கம்பெனி கேட்டு, புதுக் கம்பெனியிலேயே நம்பரைத் துண்டித்துவிட முடியும்.

கடையில் கொடுத்த பிறகு தமிழ்நாட்டுக்குள் மூன்று வேலை நாள் ஆகும், வேறு மாநிலத்துக்கு என்றால் ஐந்து. ஞாயிறும் அரசு விடுமுறையும் கணக்கில் வராது. மனம் மாறினால் 24 மணி நேரத்துக்குள் ஆங்கிலத்தில் கேன்சல் என்று போட்டு நம்பரையும் சேர்த்து 1900-க்கே அனுப்பலாம். அதுவரை பழைய சிம்தான் வேலை செய்யும். புது சிம்மை உடனே மாட்டிவிட்டு "ஏமாத்திட்டான்" என்று கடைக்குப் போய்ச் சண்டை போட வேண்டாம். எந்த நாள், எந்த நேரம் மாறும் என்று மெசேஜ் வரும். பெரும்பாலும் இரவில் சில மணி நேரம் இரண்டு சிம்மும் செத்துக் கிடக்கும். அந்த இரவில் ஓடிபி எதுவும் தேவைப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் ஜிபே, போன்பே எல்லாம் சிம் மாறியதைக் கண்டுபிடித்து, நம்பரைத் திரும்பச் சரிபார்க்கச் சொல்லும். காலையில் பால் பாக்கெட் வாங்கக் கையில் ரொக்கம் இருக்கட்டும்.

அப்பாவுக்கு எல்லாம் முடிந்து புது சிம் வேலை செய்த அன்று காலையில் போனைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "பால்காரர் நம்பர் எங்கடா? ஒரு பேரையும் காணோம்." பட்டன் போன்காரர்கள் பேரை போனில் ஏற்றுவதில்லை, சிம்மில் ஏற்றுகிறார்கள். அந்த சிம்தான் வெளியே வந்துவிட்டதே. நல்லவேளை, அதைக் குப்பையில் போடாமல் பர்ஸில் வைத்திருந்தேன். செத்த சிம்மில் பேச முடியாது, ஆனால் அதில் ஏற்றிய பெயர்கள் அப்படியே இருக்கும். திரும்ப மாட்டி, எல்லாவற்றையும் போனுக்கு காப்பி பண்ணினேன். எழுபத்தோரு பெயர். பெரியப்பா பெயர் இரண்டு இடத்தில் இருந்தது, இரண்டும் பழைய நம்பர்.