பேக்டு மேக் அண்ட் சீஸ் வறண்டு போகாம இருக்க

மேக் அண்ட் சீஸ்னா சீஸ் சாஸ்ல கலந்த மேக்ரோனி பாஸ்தா, அதை ஓவன்ல வெச்சு எடுத்தா மேக்ரோனி வறவறன்னு ஆகிடுது, சாஸ் எங்க போச்சுன்னே தெரியலன்னு நிறைய பேர் சொல்வாங்க, காரணம் சிம்பிள், பாஸ்தா ஓவன்லயும் வேகும், சாஸை குடிச்சுக்கிட்டே இருக்கும். அதனால பாக்கெட்ல போட்டிருக்க டைம்ல 2 நிமிஷம் கம்மியா வேக வெச்சு வடிங்க, கடிச்சா நடுவுல லேசா வெள்ளையா தெரியணும்.

சாஸுக்கு, 250 கிராம் மேக்ரோனிக்கு 3 டேபிள்ஸ்பூன் வெண்ணெய், அதே அளவு மைதா, பச்சை வாசனை போற வரைக்கும் சிம்ல வறுத்துட்டு 750 மில்லி வெதுவெதுப்பான பாலை கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி கிண்டுங்க, மொத்தமா கொட்டினா கட்டி தட்டிடும். கரண்டி பின்பக்கம் விரலால கோடு போட்டா கோடு அப்படியே நிக்கணும், அதான் பதம்.

முக்கியமான விஷயம், அடுப்பை அணைச்சுட்டுதான் 250 கிராம் சீஸ் போடணும். கொதிக்கும்போது போட்டா சீஸ் பிரிஞ்சு எண்ணெய் தனியா, மணல் மாதிரி நறநறன்னு ஆகிடும் (நான் ரெண்டு தடவை அப்படி கெடுத்திருக்கேன்). துருவி பாக்கெட்ல வர்ற சீஸ்ல ஒட்டாம இருக்க ஸ்டார்ச் தடவியிருப்பாங்க, சரியா உருகாது, கட்டியா வாங்கி நீங்களே துருவுங்க, செடார் பெஸ்ட்.

வடிச்ச மேக்ரோனியை சாஸ்ல கலந்ததும் சூப் மாதிரி தளதளன்னு இருந்தா பயப்படாதீங்க, அப்படித்தான் இருக்கணும். மேல வெண்ணெய்ல புரட்டின பிரெட் தூள் தூவி ஓவன்ல 180 டிகிரி செல்சியஸ்ல 20-25 நிமிஷம், ஓரமெல்லாம் குமிழ் விட்டதும் எடுத்துடுங்க, 10 நிமிஷம் ஆறினா சாஸ் தானா கெட்டியாகிடும்.