ஏப்ரல் 5-ல் எண்ணிய சரக்கை மார்ச் 31-க்குக் கொண்டுபோன கதை

காரைக்குடியில் ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் கைவேலை டைல்) விற்கும் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். பங்குனித் திருவிழா என்று ஆட்கள் வராததால், வருடக் கடைசி ஸ்டாக்கை ஏப்ரல் 5-ல்தான் எண்ண முடிந்தது. பூக்கோலக் கல் 1,840 இருந்தது. அதை அப்படியே டேலி என்ற கணக்கு மென்பொருளில் மார்ச் 31 தேதியிட்டுப் போட்டுவிட்டேன். அதுதான் தப்பு.

இடையில் ஐந்து நாள் வியாபாரம் நடந்திருக்கிறதே! டெலிவரி சீட்டுகளை எடுத்து உட்கார்ந்தேன். பில் தேதியைப் பார்க்காமல், கல் குடோனை விட்டுப் போன தேதியையும் வந்து இறங்கிய தேதியையும் மட்டும் பார்த்தேன். வெளியே போனது 320, உள்ளே வந்தது 400. ஆக 1,840 + 320 − 400 = 1,760. மார்ச் 31 இரவு இருந்தது இதுதான்.

புத்தகத்திலோ 2,172. வித்தியாசம் 412! கடைசியில் பார்த்தால், அந்த 400 கல்லுக்குப் பட்டறைக்காரர் மார்ச் 31 தேதியில் பில் போட்டிருக்கிறார். லோடு வந்தது ஏப்ரல் 2. கல் நம் கைக்கு வந்த பிறகுதான் நம் சரக்கு என்பது எங்கள் பேச்சு. அதனால் கொள்முதல் பதிவை ஏப்ரல் 2-க்கு மாற்றினேன். மீதி 12, மூலையில் உடைந்து கிடந்தவை. கையால் செய்த கல், உடையத்தான் செய்யும்.

பழைய பதிவை அழித்து, மார்ச் 31 தேதியில் பிசிக்கல் ஸ்டாக் வவுச்சரில் (எண்ணிப் பார்த்த சரக்கை டேலியில் பதியும் சீட்டு) 1,760 போட்டேன். உடைந்த கல்லுக்கு எடுத்திருந்த ஜிஎஸ்டி உள்ளீட்டு வரியையும் (வாங்கும்போது கொடுத்து, நாம் கட்டும் வரியில் கழித்துக்கொண்டது) திருப்பிக் காட்டினேன். அதை ஆடிட்டர்தான் ஞாபகப்படுத்தினார்.