காளான் குடிலின் வெப்பநிலையைக் கணினியில் பதிவு செய்வது எப்படி?

எங்கள் சிப்பிக் காளான் குடிலில் வெப்பமானியைப் பார்க்கும்போதெல்லாம் எல்லாம் சரியாகவே இருந்தது. ஆள் இல்லாத பிற்பகலில் ஓலைக்கூரைக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதுதான் தெரியவில்லை. அதற்காகச் செய்த ஏற்பாடு இது.

வேண்டியவை: ஆர்டுயினோ ஊனோ (சென்சாரின் அளவைப் படித்துக் கணினிக்கு அனுப்பும் சிறிய மின்னணுப் போர்டு), நீர்புகாத உறையில் வரும் டி.எஸ்.18பி20 சென்சார், 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர், பிரெட்போர்டு (பற்றவைக்காமல் கம்பிகளைச் செருகி இணைக்கும் துளைப் பலகை), யு.எஸ்.பி. கேபிள். விலை குறைவு என்று டி.எச்.டி.11 சென்சாரை வாங்காதீர்கள். அது 2 டிகிரி வரை முன்னே பின்னே காட்டும். தினமும் தண்ணீர் தெளிக்கிற இடத்துக்கு ஏற்றதும் அல்ல. டி.எஸ்.18பி20 நம் ஊர் வெப்பநிலைகளில் அரை டிகிரிக்குள் நிற்கும்.

1. சென்சாரின் மூன்று கம்பிகளையும் பிரெட்போர்டில் தனித்தனி வரிசைகளில் செருகி, அங்கிருந்து சிவப்பை ஊனோவின் 5 வோல்ட்டிலும், கருப்பைக் கிரவுண்டிலும், மஞ்சளை 2ஆம் பின்னிலும் இணையுங்கள்.

2. இனி ரெசிஸ்டர். மூன்று கம்பிகளுக்கும் இடம் கிடைத்துவிட்டதே என்று இதை நான் விட்டுவிட்டேன். இரவு முழுவதும் திரையில் −127 ஓடியது. சென்சார் பழுது என்று நினைத்து இன்னொன்று வாங்கினேன். அதிலும் அதே −127. அது வெப்பநிலையே அல்ல. சென்சாரிடமிருந்து பதில் வரவில்லை என்பதற்கு அதைப் படிக்கும் லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) தரும் அடையாளம். இந்தச் சென்சாரால் தரவுக் கம்பியான மஞ்சள் கம்பியின் மின்னழுத்தத்தைக் கீழே இழுக்க மட்டுமே முடியும். மேலே தூக்கிப் பிடிப்பது ரெசிஸ்டரின் வேலை. மஞ்சள், ஊதா, சிவப்புப் பட்டைகள் உள்ளதை எடுத்து, ஒரு காலைச் சிவப்புக் கம்பியின் வரிசையிலும் மறுகாலை மஞ்சள் கம்பியின் வரிசையிலும் செருகுங்கள். அடுத்த நொடியே எனக்கு 27.81 என்று வந்தது. திடீரென 85 வந்தால், பெரும்பாலும் சிவப்புக் கம்பி தளர்ந்திருக்கும்.

3. ஆர்டுயினோ மென்பொருளில் ஒன்ஒயர், டல்லாஸ்டெம்பரேச்சர் லைப்ரரிகளை நிறுவி, ‘சிம்பிள்’ என்ற உதாரண நிரலைத் திறங்கள். அது அச்சிடும் வாசகங்களை நீக்கி, எண் மட்டும் நிமிடத்துக்கு ஒரு முறை வருமாறு மாற்றி, போர்டில் ஏற்றுங்கள்.

4. கணினிப் பக்கத்துக்குப் பைத்தான் போதும். நிறுவ வேண்டிய தொகுப்பின் பெயர் பைசீரியல். நிரலில் அழைக்கும் பெயர் சீரியல். சீரியல் என்ற பெயரிலேயே வேறொரு தொகுப்பு உண்டு, அதை நிறுவிவிடாதீர்கள். ஊனோ இணைந்திருக்கும் சீரியல் போர்ட்டை நிரல் திறந்ததும் ஊனோ மீண்டும் தொடங்கும் என்பதால் 2 நொடி காத்திருந்து, முதல் வரியை விட்டுவிடுங்கள். பிறகு வரும் ஒவ்வொரு எண்ணையும் தேதி, நேரத்துடன் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பின் கடைசியில் சேர்த்து, உடனுக்குடன் சேமிக்கச் செய்யுங்கள். −127 வந்தால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். முந்தைய எண்ணை இட்டு நிரப்பினால் எந்த நேரம் அளக்கவில்லை என்பது பிறகு தெரியாமல் போகும்.

ஒரு வாரக் கோப்பை வரைபடமாக்கியபோது, பகல் ஒரு மணிக்கே குடில் 30 டிகிரியைத் தாண்டுவது தெரிந்தது. மாலை நான்கு மணித் தெளிப்பை நண்பகலுக்கு மாற்றிவிட்டோம்.

பின்சேர்க்கை: போர்ட் திறக்கவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். ஆர்டுயினோ மென்பொருளில் சீரியல் மானிட்டர் சாளரம் திறந்திருந்தால் அதை மூடிவிட்டு முயலுங்கள். லினக்ஸில் உங்கள் பயனர் கணக்கை போர்ட்டைப் பயன்படுத்த அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் சேர்க்க வேண்டியிருக்கும். ஒருவருக்கு வந்த சென்சாரில் கம்பி நிறங்களே வேறாக இருந்தன. விற்பவர் தரும் விவரத்தைப் பார்த்துவிட்டு இணையுங்கள். இணைத்ததும் உலோக முனையைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் உடனே கேபிளைப் பிடுங்கிவிடுங்கள்.